அனுராதபுரத்துக்கு ஒரு பகல் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இலங்கையின் பழைய தலைநகரான அனுராதபுரத்தைப் பார்ப்பதற்கு ஒரு பகல் தாராளம் என்றும், அங்கே பிள்ளைகளை இரவு தங்கவைப்பது பெற்றோருக்கு வீண் செலவு என்றும் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். கல்விச் சுற்றுலாக்களின் செலவைப் பற்றி அவர் கவலைப்பட்டது நியாயம். ஆனால் அந்தக் கவலையிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு எனக்கு உடன்பாடானதல்ல. வன்னியிலிருந்து அந்நகருக்குப் போகிறவர்கள், பாடசாலைப் பிள்ளைகளாயினும் குடும்பத்தினராயினும், இரண்டு இரவுகள் அங்கே தங்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதற்கு மேல் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. அதற்குக் குறைந்தால் போய்வந்தோம் என்ற பெயர்தான் மிஞ்சும். நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்நகருக்கும் அதைச் சூழ்ந்த குளங்களுக்கும் அடிக்கடி போகும் வாய்ப்பு இருந்தது என்பதால், இதைச் சற்று விரித்து எழுதத் தங்கள் பத்தியில் இடம் கேட்கிறேன்.

வவுனியாவிலிருந்து மதவாச்சி ஊடாக அனுராதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீற்றர்தான். இவ்வளவு கிட்ட இருப்பதே நமக்கு இடைஞ்சலாகிவிட்டது. தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போகிற நம்மவர் எத்தனை நாள் தங்குவது என்று வீட்டில் கூடியிருந்து கதைத்து, அறை பதிவு செய்து, பெட்டி அடுக்கிப் புறப்படுகிறார்கள். அனுராதபுரம் என்றால் மட்டும், விடியப் போய்ப் பொழுதுபட வந்துவிடலாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். போர்க்காலத்தில் மதவாச்சிச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்த ஒரு தலைமுறைக்கு அந்த நகரம் கொழும்புக்குப் போகும் வழியில் யன்னலூடாகத் தெரிந்து மறைந்த ஓர் இடமாகவே இருந்தது; அங்கே இறங்கித் தங்கும் பழக்கம் நமக்கு ஏற்படாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீன யாத்திரிகர் பாகியன் இரண்டு ஆண்டுகள் இத்தீவில் தங்கினார். தம் நாட்டில் கிடைக்காத பௌத்த ஏடுகளைத் தேடி எடுத்துக்கொண்டுதான் கப்பலேறினார். அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் இருந்த பச்சைக்கல் புத்தர் சிலையின் முன் வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்திருந்ததைப் பார்த்து, ஊர் நினைவு வந்து கண்கலங்கியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு ஆண்டு தேவைப்பட்டது என்பதற்காக நமக்கும் அப்படி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் உட்பட ஏழு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நம்புவதும் கொஞ்சம் அதிகந்தான்.

ஒரு பழைய நகரில் எத்தனை நாள் தங்குவது என்பதைப் பலரும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். எட்டு இடம், இடத்துக்கு முக்கால் மணி, ஆக ஆறு மணி நேரம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. நம்முடைய வெயிலில் அந்தக் கணக்குச் சரிவராது. எண்ண வேண்டியது இடங்களையல்ல, வெளியில் நின்று ஒன்றை நிதானமாகப் பார்க்கக்கூடிய மணித்தியாலங்களையே. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரையும், பிற்பகல் நான்கிலிருந்து பொழுதுபடும் வரையும் உள்ள நேரமே அனுராதபுரத்தில் பயன்படும் நேரம். இடைப்பட்ட நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதை ருவன்வெலிசாய என்னும் பௌத்தத் தூபியின் முற்றத்தில் மதியம் நின்றவர்கள் அறிவார்கள். செருப்பையும் தொப்பியையும் வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல் பாவிய தரை கொதிக்கும். வெண்ணிறத் தாதுகோபத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் கூசும். வெளிநாட்டவர் காலுறையோடு நடப்பார்கள். நம் பிள்ளைகள் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குக் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் ஓடுவார்கள். ஆசிரியர் சொல்லும், அதைக் கட்டிய துட்டகைமுனு மன்னனின் கதையில் ஒரு சொல்லும் அவர்கள் காதில் ஏறாது. அதே முற்றத்துக்கு மாலை ஐந்தரைக்குப் போனால், தாமரைப் பூத்தட்டுடன் ஊர்ச்சனங்கள் வந்துகொண்டிருப்பார்கள், தரை ஆறியிருக்கும், சுற்று மதிலில் வரிசையாகச் செதுக்கப்பட்ட யானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மெதுவாக வலம்வரலாம்.

இனி, ஒரு பகல் பயணம் என்பது நடைமுறையில் எப்படி அமைகிறது என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்குப் பஸ் என்று அறிவித்தால் அது புறப்பட ஆறரையாகும். வழியில் காலைச் சாப்பாடு, ஒரு பிள்ளைக்குச் சத்தி, மறுபிள்ளைக்குக் கழிப்பறை, இவையெல்லாம் முடிந்து புனித வெள்ளரசு மரமான ஸ்ரீ மகாபோதியின் வாசலில் இறங்கும்போது ஒன்பது மணியாகிவிடும். அதாவது பயன்படும் நேரத்தில் மிஞ்சுவது ஒரு மணித்தியாலம். மாலை நான்கு மணிக்கு, மறுபடி நல்ல நேரம் தொடங்கும்போது, சாரதி அவசரப்படுத்துவார். நான் உடன்போன பயணம் ஒன்றில் ஏற்பாட்டாளர் ஜேதவனாராமயவுக்கு இருபது நிமிடம் என்று விசிலடித்து இறக்கினார். பாதணி கழற்றி மாட்டுவதிலேயே அதில் பாதி போய்விட்டது. 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் தொடங்கிய அந்தத் தாதுகோபம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரம் இருந்தது. எகிப்தின் கீசாப் பிரமிட்டுகள் இரண்டைத் தவிர அக்கால உலகில் அதைவிட உயர்ந்த கட்டடம் இருக்கவில்லை என்று சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பது 71 மீற்றர் அளவு. முழுவதும் செங்கல். அந்தச் செங்கல் மலையின் அடியில் நின்று, இத்தனை கல்லையும் சுட்ட விறகு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி, பதில் சொல்லத் தொடங்குமுன் விசில் ஊதிவிட்டது.

இரண்டு இரவு தங்கினால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வவுனியாவிலிருந்து புறப்பட்டாலே போதும். வேலை நாளில் பெரிய பகுதி கெடாது. அன்று மாலையும், சனி காலையும், சனி மாலையும், ஞாயிறு காலையும் கையில் இருக்கும். ஒரு பகல் பயணத்தில் கிடைக்கும் நல்ல நேரத்தைப்போல் பல மடங்கு இது, செலவோ அதே அளவுக்குப் பெருகுவதில்லை. சனி மதியத்தை அறையில் படுத்தோ அருங்காட்சியகத்திலோ கழிக்கலாம். தெற்கே இசுருமுனிய விகாரையிலிருந்து வடக்கே அபயகிரி வரை நான்கைந்து கிலோமீற்றர் பரந்து கிடக்கும் இடத்தை இப்படி நான்காகப் பிரித்துக்கொண்டால் முதியவர்களும் களைக்காமல் பார்க்க முடியும். சைக்கிள் ஓடக்கூடியவர்கள் வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

முதல் மாலையை எங்கே செலவிடுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: திசாவாவி என்னும் குளத்தின் கட்டின் மேல். நம் ஊர் மக்களுக்கு அந்நகரை உள்ளே திறந்துகாட்டுவது தாதுகோபமல்ல, குளம். தண்ணீர் திறந்துவிடும் துருசு எது, மிகுநீர் வழிந்தோடும் வான் எது, அலை அரிக்காதபடி குளக்கட்டின் உட்பக்கத்தில் கல் அடுக்குவது எதற்கு என்பதை வன்னியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கொழும்புப் பிள்ளைக்கு வெறும் ஏரியாகத் தெரிவது நம் பிள்ளைக்கு வேலையாகத் தெரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பியதீச மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தக் குளத்துக்கு, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தாதுசேன மன்னனின் கலாவாவிக் குளத்திலிருந்து 87 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் ஒன்று தண்ணீர் கொண்டுவந்தது. ஜயகங்கை என்றும் யோத எல என்றும் அதைச் சொல்கிறார்கள். அதன் முதல் 17 மைல் தூரத்தில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலமே. மட்டம் பார்க்கும் கருவியுடன் வாய்க்கால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு நுட்பமான வேலை என்பது உறைக்கும். ஆறு அங்குலச் சரிவைத் தவறவிட்டால் தண்ணீர் தேங்கி நிற்கும், கூடிவிட்டால் கரையை அரித்துக்கொண்டு போகும். கட்டின் கீழே, இசுருமுனியவுக்கு அடுத்தாற்போல, அரச நந்தவனமாகிய ரன்மசு உயன இருக்கிறது. பாறையில் செதுக்கிய யானைகள் நீராடுவதுபோல் நிற்கும் தடாகத்துக்கு, மேலேயுள்ள குளத்திலிருந்து தன் பாரத்தாலேயே தண்ணீர் இறங்கிவந்தது. இதையெல்லாம் கட்டின் மேல் நடந்து, இறங்கி, வாய்க்கால் போன வழியைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தால்தான் விளங்கும். சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது, கேட்பார் இல்லை.

அபயகிரிப் பக்கத்துக்கும் இதே போல் ஒரு முழுக் காலை வேண்டும். குட்டம்பொக்குண என்னும் இரட்டைத் தடாகத்தின் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். சின்னத் தடாகத்தின் தலைமாட்டில், ஐந்துதலை நாகக் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் உள்ளே விழும் வாய்க்குப் பின்னால் ஒரு சிறிய கல்தொட்டி இருக்கிறது. குளத்திலிருந்து வரும் தண்ணீர் அதில் தங்கி, மண் படிந்து, தெளிந்த பிறகே தடாகத்துக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். குனிந்து பார்க்காதவர்கள் கண்ணில் அது படாது. அங்கிருந்து சிறிது தூரத்தில் எத்பொக்குண: ஏறத்தாழ 159 மீற்றர் நீளம், 53 மீற்றர் அகலம். அதைத் தடாகம் என்பதா, குளம் என்பதா என்று வன்னியான் ஒருவன் மலைத்துத்தான் நிற்பான். பல்லாயிரம் துறவிகள் வாழ்ந்த ஒரு விகாரைக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது என்பதை அந்தக் கரையில் நிற்கும்போது யாரும் சொல்லாமலே உணரலாம். இவற்றுக்கிடையே மரநிழலில் சமாதி புத்தர் சிலை இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டமின்றிப் பார்க்கலாம்.

நகரோரமாக ஓடும் மல்வத்து ஓயாதான் கீழே இறங்கி நம் பக்கத்தில் அருவியாறாகிறது என்பதையும், தேக்கம் என்னும் அணைக்கட்டில் திருப்பப்படும் அதன் தண்ணீர்தான் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பி முருங்கன், நானாட்டான் வயல்களுக்குப் பாய்கிறது என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்ல வேண்டும். புவியியல் பாடத்தில் ஆயிரம் தடவை படித்தாலும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக் கேட்பதற்கு ஈடாகாது.

தமிழர் சம்பந்தமான தடயங்களைப் பார்ப்பதற்காகவே சிலர் போகிறார்கள். அவர்களுக்குத்தான் ஒரு பகல் மிகக் குறைவு, ஏனென்றால் அவை சுற்றுலாப் பாதையின் ஓரத்தில் இல்லை. தமிழ் இல்லறத்தார் கூடும் மேடை ஒன்றைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு அபயகிரிக்கு அணித்தாக இருக்கிறது. கப்பல் தலைவன் ஒருவனின் இருக்கையும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. 44 ஆண்டுகள் ஆண்டதாகப் பாளி வரலாற்று நூலான மகாவம்சமே சொல்லும் தமிழ் மன்னன் எல்லாளனுக்கு, அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு சமாதி கட்டி மரியாதை செய்யவும் கட்டளையிட்டான் என்பது எல்லோரும் அறிந்த கதை. தக்கிண தூபி என்ற செங்கல் மேட்டைத்தான் நெடுங்காலம் எல்லாளன் சமாதி என்று காட்டிவந்தார்கள். பின்னர் தொல்லியலாளர் பரணவிதான அது துட்டகைமுனுவுடன் தொடர்புடையது என்று கருத்துரைத்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது நின்று பார்க்க வேண்டிய இடம். ஒரு பகலில் வருகிற பஸ் எதுவும் அங்கே நிற்பதை நான் கண்டதில்லை.

செலவுக்கு வருவோம், ஏனெனில் முந்தைய கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்நகரில் மலிவான தங்குமிடங்கள் இல்லாமலில்லை; யாத்திரிகர் விடுதிகளும், நுவரவாவிக் குளத்துப் பக்கத்துப் புதிய நகரில் சாதாரண அறைகளும் உள்ளன. முன்கூட்டியே பேசினால் ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தங்கவைக்கும் மண்டபமும் கிடைக்கும். பெண்பிள்ளைகளுக்குப் போதிய கழிப்பறை உண்டா என்பதை மட்டும் ஆசிரியை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். தொலைபேசியில் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பணம் உண்மையிலேயே போதாதென்றால் நான் வெட்டச் சொல்வது இரவையல்ல, ஊர்களை. அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, தம்புள்ளை, கண்டி என்று ஐந்து பெயரைப் பதாகையில் எழுதி மூன்று நாளில் ஓடிவருகிற பயணங்களில் எரிபொருளுக்குப் போகும் காசைக் கொண்டு ஒரே நகரில் இரண்டு இரவு தங்கிவிடலாம். பொலன்னறுவையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இத்தனை நூற்றாண்டு கருங்கல்லாய் நின்றுவிட்டது, இன்னும் ஒரு வருடம் நிற்கும்.

எல்லோருக்கும் இரண்டு இரவு என்றும் நான் வாதாடவில்லை. ஸ்ரீ மகாபோதியைக் கும்பிட்டுவர மட்டும் போகிறவர்களுக்கு அரைநாள் போதும். கைக்குழந்தையோடு போகிற தாய் ஓர் இரவோடு திரும்புவதே புத்தி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும் நம் உறவினர்களுக்குச் சிக்கல் வேறு: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு நுழைவுக் கட்டணம் தனி, அதுவும் கணிசமானது. கட்டிய காசுக்கு எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சீட்டு எந்தெந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை வாங்கும்போதே கேட்டறிந்து, சீட்டுத் தேவைப்படும் இடங்களை ஒரு நாளிலும், திசாவாவிக் கட்டு போன்றவற்றை மற்ற நாளிலுமாக அமைத்துக்கொண்டால் வீண்செலவும் இல்லை, ஓட்டமும் இல்லை.

மூன்றாம் இரவு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதே. பக்கத்து மலைத்தலமான மிகிந்தலையைச் சேர்த்தால் நாள் கூடிவிடுமே என்று அஞ்சுகிறார்கள். அது ஏ9 வீதியில் இருக்கிறது. அனுராதபுரத்திலிருந்து கிழக்கே சுமார் 13 கிலோமீற்றர் வந்து, அங்கிருந்து ரம்பாவ, மதவாச்சி வழியாக நேரே வவுனியாவுக்கு வந்துவிடலாம். ஞாயிறு காலை அபயகிரியை முடித்து, மதியம் ஓய்வெடுத்து, வெயில் தாழ மிகிந்தலையில் ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். படிகள் 1840 என்பார்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் பயப்பட வேண்டியதில்லை, வாகனம் பாதிவழி மேலே போகும். மலையடியிலுள்ள பழைய வைத்தியசாலையின் இடிபாடுகளில் நோயாளியை மருந்து நீரில் கிடத்துவதற்கென ஆளின் உருவத்துக்கு ஏற்பக் குடைந்த கல்தொட்டி இருக்கிறது. ஏற முடியாதவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலம் பற்றியும் ஒரு சொல். ஜூன் மாதத்தில் பொசன் என்னும் பௌத்தத் திருவிழா வரும் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் நாடெங்குமிருந்து சனம் திரளும். தன்சல் எனப்படும் அன்னதானப் பந்தல்களில் சோறும் பானமும் தாராளமாகக் கிடைக்கும், அறை கிடைக்காது. அந்தத் திருவிழாவையே பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். மற்றவர்களுக்கு ஏற்ற காலம் காலபோகம் என்னும் மாரிகால நெல் அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள்தான். மாரி மழையில் நிரம்பிய குளங்களில் அப்போதும் தண்ணீர் நிற்கும், கச்சான் காற்றும் தொடங்கியிராது, நெல் விற்ற காசும் வீட்டில் இருக்கும். ஆகவே கல்விச் சுற்றுலாக்களுக்கு அனுமதி வழங்கும் வலயக் கல்விப் பணிமனைகள், விண்ணப்பத்தில் எத்தனை இடங்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறுவார்கள் என்பதையும் எழுதித்தரச் சொல்ல வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடப் பயணங்களுக்கான பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். பொசன் எந்தத் திகதியில் வருகிறது என்பதை நாட்காட்டியில் பார்த்துவிட்டு அறைகளைப் பேசுவது நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்,
ஓமந்தை, வவுனியா.